ஆட்டுக்குத் தூக்கிய துடுப்பு

மூன்றாவது கரண்டித் தண்ணீர் உள்ளே போகவில்லை. கடைவாயில் வழிந்து கழுத்துச் சுருக்கத்தில் தேங்கி நின்றது. ஜுலைக்கா தலைத்துணியின் நுனியால் அதைத் துடைத்துவிட்டு நான்காவது கரண்டியைத் தூக்கினாள். பாதி தூரத்தில் கை நின்றது. பப்பாவின் நெஞ்சு இறங்கியது. ஏறவில்லை.

அவள் காத்திருந்தாள். ஐந்து நாளாக அவர் இப்படித்தான் ஏமாற்றிக்கொண்டிருந்தார். மூச்சு நிற்கும், இவள் காதருகே குனிந்து கலிமாவை ஆரம்பிப்பாள், பாதியில் ஒரு இழுப்பு இழுத்து, பழுதான என்ஜின் மாதிரி மறுபடி ஓட ஆரம்பிப்பார். இந்தத் தடவை கலிமா முழுதாக முடிந்தது. இரண்டாம் முறையும் முடிந்தது. மூன்றாம் முறை சொல்லும்போது தனக்காகத்தான் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கடற்கரை ஒலிபெருக்கியில் ஹாலித் வாத்தியார் இருமினார். "அஸர் தொழுதுட்டு கடைசிப் போட்டி. கொளுமகு ஊர்த் தோணியும் மெதுவல ஊர்த் தோணியும். மறுபடி சொல்றேன், அஸர் தொழுதுட்டு. மெதுவலக்காரங்க மத்தியானச் சோத்தக் கொஞ்சமா சாப்பிடுங்க, போன வருஷம் தோணி தாழ்ந்து போச்சு."

கரை முழுக்கச் சிரிப்பு. எங்கோ பறை மாதிரி ஒரு டின்னைத் தட்டினார்கள்.

ஜுலைக்கா பப்பாவின் கண்களை மூடினாள். இடது கண் ஒத்துழைத்தது, வலது கண்ணைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டியிருந்தது. எழுந்தாள். செய்ய வேண்டியது இந்தத் தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊர்ப் பெண்களுக்குத் தலைவியான பெரிய ராத்தாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவள் ஊர்வீட்டின் முன்னால் நிற்கும் கம்பத்தில் வெள்ளைத்துணியை ஏற்றுவாள். துணி ஏறிவிட்டால் எந்த ஊர்த் தோணியானாலும் அதற்குப் பிறகு ஒரு துடுப்பும் தண்ணீரைத் தொடக்கூடாது. வலிக்கிறவர்கள் இருந்த இடத்திலேயே துடுப்பை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடிக்க வேண்டும். செத்தவரின் ஊர்த் தோணி நாற்பது நாளைக்குக் கொட்டகையை விட்டு வெளியே வராது.

வாசல்படி வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

நாற்பது நாள் கழித்து மழை ஆரம்பித்துவிடும். அதோடு அவளுடைய கொளுமகு ஊருக்கு இந்த வருஷப் போட்டி போயிற்று. அடுத்த வருஷம் இதே ஆட்கள் கிடைப்பார்களா? முதல் துடுப்பு போடும் இத்ரீஸ் மூன்று வருஷம் கழித்து கப்பலிலிருந்து லீவில் வந்திருந்தான். இன்னும் ஒன்பது பேர் அதே மாதிரி. கொச்சிக்கு அடுத்த கப்பல் வந்தால் பாதித் தோணி காலி.

அவள் திரும்பிப் பப்பாவைப் பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. யாராவது கூப்பிட்டால் "என்ன" என்று கேட்கத் தயாராக இருக்கிற மாதிரி.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கொளுமகு தோணிக்கு முதல் துடுப்பு அவள் பப்பா உபைதுதான். முதல் துடுப்பு எப்படி விழுகிறதோ அப்படித்தான் பின்னால் இருக்கும் இருபத்தொன்றும் விழும். அன்றைக்கு முடிவுக் கோட்டுக்கு ஐம்பது பாகத் தூரம் இருக்கும்போது ஒரு தோணி நீளம் முன்னால் இருந்தார்கள். அப்போது கரையிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது. சாவுக்கு அலறுகிற அலறல். துணி ஏறியதா என்று உபைது பார்க்கவில்லை. துடுப்பைத் தூக்கினார். அவரைப் பார்த்து இருபத்தொரு துடுப்பும் எழுந்தன. மெதுவலக்காரர்கள் தலையைக்கூடத் திருப்பாமல் வலித்துக் கோட்டைத் தாண்டினார்கள்.

செத்தது ஆடு. சல்மாபீயின் சினை ஆடு கிணற்றில் விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஆட்டு உபைது. கல்யாண விருந்தில் இறைச்சி பரிமாறும்போது யாராவது ஒருவன் சொல்லுவான்: "உபைது காக்கா, எந்திரிச்சு நின்னு சாப்பிடுங்க, மரியாதை." ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பானி ஆட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "துடுப்பு எடுத்துட்டு வரீங்களா காக்கா?" என்பார்கள். முதல் வருஷம் அவரும் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. துடுப்பையும் தொடவில்லை. கொளுமகு அதற்குப் பிறகு கடைசிப் போட்டிக்கு வந்ததே இரண்டு தடவைதான், இரண்டிலும் தோற்றது. அதுவும் அவர் கணக்கில்தான் எழுதப்பட்டது.

ஜுலைக்காவுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெஞ்சுக்கு அடியில் இலை தழை போட்டு வைத்திருப்பார்கள்.

இன்று காலையில்தான் பப்பா கடைசியாக முழு வாக்கியம் பேசினார். "இத்ரீஸ்கிட்ட சொல்லு. எந்தச் சத்தம் கேட்டாலும் தூக்க வேணாம். துணியக் கண்ணால பார்த்தாத்தான்." அவள் போய்ச் சொன்னாள். இத்ரீஸ் துடுப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "ஏன், இந்த வருஷமும் யார் வீட்டு ஆடாவது சினையா இருக்கா?" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜுலைக்கா கதவைச் சாத்தினாள். அலமாரியிலிருந்து பழைய துண்டை எடுத்துச் சுருட்டிப் பப்பாவின் தாடைக்கடியில் வைத்து அழுத்தினாள். வாய் மூடியது. கால் பெருவிரல்களை நாடாவால் சேர்த்துக் கட்டினாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆனைத் திறந்து வாய்க்குள்ளேயே யாசீன் ஓதத் தொடங்கினாள்.

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் கதவு தட்டப்பட்டது. பதிலுக்குக் காத்திராமல் திறந்தது. பெரிய ராத்தா சல்மாபீ. கறுப்புத் தலைத்துணி, முழங்கை வரை தேங்காய்ப்பால் தெறித்திருந்தது. ஆடு செத்தபோது சாதாரண சல்மாபீயாக இருந்தவள்தான். இப்போது ஊர்ப் பெண்கள் இவள் சொல்லாமல் தென்னந்தோப்பில் ஒரு ஓலை பொறுக்க மாட்டார்கள்.

"எப்படி இருக்காரு?"

"தூங்குறாரு ராத்தா."

சல்மாபீ கட்டிலருகே வந்தாள். கயிற்றில் தொங்கும் ஊஞ்சல் கட்டில். அவள் முழங்கால் பட்டு அது லேசாக ஆடியது. தாடைக்கடியில் இருந்த துண்டைப் பார்த்தாள். போர்வைக்கு அடியில் கால்விரல்கள் சேர்ந்திருந்த மேட்டைப் பார்த்தாள். முப்பது வருஷமாக ஊரில் செத்த பெண்களைக் குளிப்பாட்டுகிறவளுக்கு அந்த மேடு போதும்.

ஆடிக்கொண்டிருந்த கட்டிலை அவள் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"காத்தாடிய வேகமா வை," என்றாள் சல்மாபீ. "புழுக்கமா இருக்கு. தூங்குறவருக்குக் காத்து வேணும்."

ஜுலைக்கா எழுந்து வேகத்தைக் கூட்டினாள்.

"ரெண்டு குட்டி இருந்துச்சு வயித்துல," என்றாள் சல்மாபீ, சுவரைப் பார்த்து. "அதான் கத்திட்டேன். இல்லன்னா நான் ஆட்டுக்குக் கத்துற ஆளா?"

"பழைய கதை ராத்தா."

"என்ன பழசு. போன வாரம்கூட மெதுவலக்காரி ஒருத்தி என்கிட்ட கேக்குறா, ஆட்டுக்கு எத்தனாம் நாள் ஃபாத்திஹா ஓதினீங்கன்னு." அவள் வாசல் வரை போனாள். திரும்பாமலேயே சொன்னாள்: "நான் இங்க வரல. பந்தல்ல பாயசம் கிண்டிட்டிருந்தேன். கேட்டா அப்படியே சொல்லு."

"சரி."

"அவரத் தனியா விட்டுட்டு எங்கயும் போகாத. தூங்குறவரத் தனியா விடக்கூடாது."

கதவு சாத்திக்கொண்டது. ஜுலைக்காவுக்குப் பயம் வரவில்லை. ஜெயித்துவிடலாம் என்ற எண்ணம்தான் வந்தது.

அவள் புருஷன் சுஐபு அப்போது எதிர்த்தோணியில் ஏறிக்கொண்டிருப்பான். இந்தத் தீவில் ஆண்பிள்ளை பொண்டாட்டி வீட்டில் வந்து படுப்பான், ஆனால் துடுப்பு போடுவது பெற்ற தாயின் ஊருக்குத்தான். எட்டு வருஷமாக இந்த ஒரு நாளில் மட்டும் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. இன்று காலை அவன் சட்டையைக் கழற்றிவிட்டு நீல பனியனை மாட்டும்போது இவள் சொன்னாள்: "என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என் ஊரத் தோக்கடிக்கப் போற."

"சோறு உன்னோடது. கை எங்கம்மாவோடது."

"ராத்திரி அந்தக் கைய உங்கம்மா ஊட்டுக்கே கொண்டு போ."

போகும்போது அவன் மாமனாரின் காலைப் போர்வைக்கு மேலாகத் தொட்டு ஒரு நிமிஷம் நின்றான். "போட்டிய விட்டுட்டு இருக்கட்டுமா ஜுலை?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். "போ, போய்த் தோத்துட்டு வா," என்றாள் அவள்.

தொழுகை முடிந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. டின் சத்தம் நின்றது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தால் எப்படி ஒரு அமைதி வருமோ அது வந்தது. பிறகு சங்கு.

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு," என்று கத்தினார் ஹாலித் வாத்தியார். "மெதுவல முன்னால. கொளுமகு, என்னப்பா, எண்ணெய் தேய்ச்சிட்டே இருக்கீங்களா? இதோ. இதோ வந்துட்டான் இத்ரீஸ்."

ஜுலைக்கா யாசீனில் ஒரே வரியை மூன்று தடவை ஓதினாள். கரை இரைந்தது. சத்தம் அலை மாதிரி வரவில்லை, சுவர் இடிகிற மாதிரி வந்தது. அவள் குர்ஆனை மூடி, முத்தமிட்டு, மேலே வைத்தாள். பப்பாவைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் பப்பா," என்றாள். ஓடினாள்.

பின்கட்டில் கிணறு. அதன் சுற்றுச்சுவரில் ஏறி நின்றால் மதிலுக்கு மேல் கடற்கழி தெரியும். நீளங்கியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். சாய்ந்த வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கையைக் குடையாகப் பிடித்தாள். இரண்டு தோணிகளும் வெள்ளித் தகட்டின் மேல் ஊரும் இரண்டு மரவட்டைகள் மாதிரித் தெரிந்தன. பிறகு நிறம் தெரிந்தது. பச்சை கொளுமகு. நீலம் மெதுவல. நீலம் அரைத் தோணி முன்னால் இருந்தது.

"இத்ரீசே," என்று கத்தினாள். "வலிடா. வலிடா நாயே, வலி."

அவள் இப்படி வாய்விட்டுக் கத்தி எத்தனையோ வருஷம். பச்சைத் துடுப்புகள் ஒரே வெட்டாக விழுந்தன. அரைத் தோணி கால் தோணியாயிற்று. ஊர்வீட்டுக் கம்பம் வெறும் கம்பமாக நின்றது. அதன் கீழே சல்மாபீ இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள், கம்பத்துக்கு முதுகைக் கொடுத்து, யாரையும் அருகே வர விடாதவள் மாதிரி.

"முன்மூக்கும் முன்மூக்கும் சமம்," ஹாலித் வாத்தியாருக்குக் குரல் உடைந்தது. "யா அல்லாஹ், சமம். நான் யாருக்கும் சாதகமா சொல்லல, கண்ணால பார்க்கறத சொல்றேன்."

ஜுலைக்கா கிணற்றுச் சுவரின் மேல் நின்றபடியே துள்ளிக் குதித்தாள். ஒரு கல் பெயர்ந்து உள்ளே விழுந்தது. ஐம்பது பாகம் இருக்கும் கோட்டுக்கு. பப்பா நின்ற அதே இடம். "பப்பா, பாருங்க," என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அந்தச் சொல் வரவில்லை. வேறு ஒன்று வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நீளமாக, கிழிந்து, மேலே மேலே போயிற்று. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். வந்தது வந்துவிட்டது. கரையில் பக்கத்தில் நின்ற கூட்டம் சட்டென்று அடங்கியது. தலைகள் திரும்பின.

தண்ணீரில் இத்ரீசின் துடுப்பு ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அவன் கம்பத்தைப் பார்த்தான். வெறும் கம்பம். துடுப்பு கீழே விழுந்தது. பின்னால் இருபத்தொன்றும் விழுந்தன.

நீலத் தோணியில் ஒரு துடுப்பு எழுந்தது. ஒன்றே ஒன்று. மூன்றாவது வரிசையில், வானத்தைப் பார்த்து, நேராக. அதற்குப் பின்னால் வந்த துடுப்பு அதில் மோதியது. அடுத்தது குழம்பியது. தோணி ஒரு பக்கம் இழுத்தது.

"மெதுவலையில யாருடா அது?" என்றது ஒலிபெருக்கி. "யாருடா அது துடுப்பத் தூக்குனது? கொளுமகு, கொளுமகு, கோட்டுக்கு, கொளுமகுதான்."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஜுலைக்கா கிணற்றுச் சுவரிலிருந்து இறங்கினாள். முழங்கால் சிராய்த்திருந்தது. உள்ளே ஓடினாள். காத்தாடிக் காற்றில் போர்வை விலகிப் பப்பாவின் ஒரு கை வெளியே கிடந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் எழுந்து கேட்டிருக்கிறார் என்று நினைத்தாள். பிறகு அந்தக் கையைத் தொட்டாள்.

"ஜெயிச்சிட்டோம்," என்றாள். சொல்லும்போது சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பப்பாவின் மையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல் தெரியச் சிரித்தாள்.

எல்லாருக்கும் முன்னால் சுஐபு வந்தான். தோணி கரை திரும்பும்போதே குதித்து இடுப்பளவுத் தண்ணீரில் ஓடி வந்திருக்க வேண்டும். வாசலில் நின்று அவளைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து வழிந்துகொண்டும் இருந்தது.

கட்டிலருகே வந்து மாமனாரின் தாடையைத் தொட்டான். அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. கப்பலில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவன், நடுக்கடலில் செத்தவர்களைத் தூக்கியவன். தாடை இறுக எவ்வளவு நேரமாகும் என்று அவனுக்குத் தெரியும். தாடைக்கடியில் இருந்த துண்டை உருவி எடுத்தான். அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"மத்தியானம் லுஹருக்கு அப்புறமா?" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

"உன் சத்தம்னு தெரிஞ்சுச்சு," என்றான். துண்டைத் தன் ஈர பனியனுக்குள் செருகிக்கொண்டான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வெளியே கிடந்த கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். அவன் உள்ளங்கைகளில் கொப்புளங்கள் உடைந்து ரத்தமும் உப்பும் காய்ந்திருந்தன.

முற்றத்தில் காலடிகள். இத்ரீசும் பச்சை பனியன்களும் தென்னங்குருத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "உபைது காக்கா, இனிமே ஆட்டு பிரியாணிய உட்கார்ந்தே சாப்பிடலாம்," என்று யாரோ கத்தினான். வாசலுக்கு வந்தவர்கள் உள்ளே பார்த்ததும் குருத்து தாழ்ந்தது. அவர்களைத் தள்ளிக்கொண்டு இன்னொருவர் வந்தார். மெதுவலையின் தலைவரான பெரிய காக்கா, சுஐபின் தாய்மாமன். கரையிலிருந்து நேராகச் சண்டைக்கு வந்த முகம்.

"எதுக்குடா தூக்குன?" என்று ஆரம்பித்தவர், கட்டிலைப் பார்த்து நிறுத்தினார். "இன்னாலில்லாஹி," என்றார். தொப்பியைச் சரிசெய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் விடாமல் கேட்டார்: "எப்போ?"

கூட்டத்துக்குப் பின்னால் சல்மாபீயின் கறுப்புத் தலைத்துணி தெரிந்தது. இத்ரீஸ் ஜுலைக்காவைப் பார்த்தான். அவன் கண்ணில் ஏதோ ஒன்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. ஜுலைக்கா வாயைத் திறந்தாள். கத்தியதில் குரல் போயிருந்தது.

"இப்பத்தான்," என்றான் சுஐபு.

"இப்பன்னா?"

"நான் உள்ள வந்தப்போ மூச்சு இருந்துச்சு. கொளுமகு ஜெயிச்சிருச்சுன்னு நான்தான் காதுல சொன்னேன். கேட்டாரு. அப்புறம் போயிட்டாரு." கையை விடவில்லை. "தொட்டுப் பாருங்க மாமா. கை இன்னும் சூடா இருக்கு."

மாமா தொடவில்லை. "அப்ப நீ எதுக்குத் தூக்குன?"

"கை வழுக்கிருச்சு."

"வழுக்குற துடுப்பு கீழ போகும்டா. மேல போகாது."

மாமா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். "மாமனாருக்கேத்த மருமவன்," என்றார். பச்சை பனியன்களில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்து, இத்ரீசின் முழங்கை பட்டு நிறுத்தினான். மெதுவலையில் இந்த வார்த்தை இன்று ராத்திரிக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். பெருநாளுக்குள் அதற்கு ஒரு பாட்டுக் கட்டிவிடுவார்கள்.

"பெரிய ராத்தா," என்றாள் ஜுலைக்கா. காற்று மட்டும்தான் வந்தது. சல்மாபீக்குக் கேட்டது. அவள் திரும்பி ஊர்வீட்டைப் பார்த்து நடந்தாள். வயதுக்கு மீறிய வேகம்.

ஆண்கள் மையத்தைச் சுமக்கும் சந்தூக்கு எடுக்கவும் குழி வெட்டவும் பிரிந்து போனார்கள். ஜுலைக்கா குளிப்பாட்டத் தண்ணீர் இறைக்கப் பின்கட்டுக்குப் போனாள். பெயர்ந்த கல் இருந்த இடம் கிணற்றுச் சுவரில் பல் விழுந்த மாதிரி இருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏறி நின்றாள்.

கம்பத்தில் துணி ஏறிக்கொண்டிருந்தது. பாதியில் ஒரு சிக்கல், பிறகு உச்சி. காற்று அதை விரித்தது.

கடற்கழியில் மெதுவலத் தோணி தன் கொட்டகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது, தோற்றவர்களின் வேகத்தில். துணியைப் பார்த்தார்கள். தோணி நின்றது. முதல் துடுப்பு எழுந்தது. அடுத்தது. அதற்கடுத்த இடத்தில் ஆள் இல்லை, துடுப்பு பலகையின் மேல் கிடந்தபடியே கிடந்தது. மற்ற இருபத்தொன்றும் எழுந்து நின்றன, தண்ணீர் சொட்டச் சொட்ட.